படம் வரல, சத்தம் கேக்கல: எங்கள் தோட்டத்துத் தளத்தில் வந்த கோளாறுகளும் அவற்றைத் தீர்த்த விதமும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில், பால் மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்து, அந்தச் செம்பனையிலும் பாதி தாமானாகிவிட்ட (வீடமைப்புப் பகுதி) ஒரு தோட்டம் எங்களுடையது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை இடித்துப் பல வருடமாகிறது. ஆட்கள் ஈப்போ, கிள்ளான், சிங்கப்பூர் என்று பிரிந்துவிட்டார்கள். இன்னும் மிச்சம் இருப்பது கோயில், வருடத்துக்கு ஒரு திருவிழா, அப்புறம் நான் பார்த்துக்கொள்ளும் ஓர் இணையத்தளம். திருவிழாப் படங்கள், தீமிதிக் காணொளி, பெரியவர்கள் சொன்ன பழைய கதைகளின் ஒலிப்பதிவு மூன்றும் அதில் இருப்பதால், மூன்று வகைக் கோளாறும் எனக்கு வந்து சேரும்.

புகார் எப்போதும் புலனத்தில்தான் (வாட்ஸ்அப்) வரும். "அண்ணே, படம் ஒன்னும் வரலண்ணே." அவ்வளவுதான். எந்தப் படம், எந்தக் கைப்பேசி என்று நாம்தான் தோண்ட வேண்டும். ஆரம்பத்தில் இப்படி ஒரு செய்தி வந்தாலே தளத்தின் அமைப்புகளுக்குள் போய்க் கண்டதை மாற்றி, நன்றாக இருந்ததையும் கெடுத்து வைத்திருக்கிறேன். நான்கு திருவிழா கடந்த பிறகுதான் ஒன்று விளங்கியது. முக்கால்வாசிக் கோளாறு தளத்துக்குள் வருவதற்கு முன்பே கோப்பில் இருக்கிறது. படம் எடுத்த கைப்பேசியில், பேனர் அடித்த கடையில், ஒலிபெருக்கிக்காரர் செருகிய கம்பியில் அது பிறந்திருக்கும்.

எதையும் தொடுவதற்கு முன்

அதே பக்கத்தை மூன்று விதமாகத் திறந்து பாருங்கள். முதலில் உங்கள் கணினியில், உலாவியின் தனிப்பட்ட சாளரத்தில். அடுத்து ஓர் ஆண்ட்ராய்டு கைப்பேசியில், வைஃபையை அணைத்துவிட்டு டேட்டாவில். கடைசியாக ஓர் ஐபோனில்.

மூன்றிலும் கோளாறு என்றால் கோப்போ முகவரியோ தவறு. ஐபோனில் மட்டும் வருகிறது, அல்லது ஐபோனில் மட்டும் வரவில்லை என்றால் கோப்பின் வகையில் சிக்கல். மூன்றிலும் சரியாக இருந்து, புகார் சொன்னவருக்கு மட்டும் வரவில்லை என்றால் அவருடைய கைப்பேசி பழைய பிரதியைப் பிடித்து வைத்திருக்கிறது. ஐந்து நிமிட வேலை இது. தேடல் பாதியாகக் குறைந்துவிடும்.

இன்னொன்று. கணினியில் இரண்டு பெட்டிகள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு 'மூலம்' என்று பெயர், மற்றதற்கு 'தளம்'. கைப்பேசியிலிருந்து வந்தது மூலத்தில் அப்படியே கிடக்கட்டும். சுருக்குவது, வெட்டுவது எல்லாம் பிரதியில்தான். கீழே சொல்லப்போகும் வைத்தியம் எதுவும் மூலம் கையில் இல்லாவிட்டால் பலிக்காது. படங்களை அனுப்பச் சொல்லும்போது புலனத்தில் 'ஆவணமாக' அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் புலனம் அதைச் சுருக்கிவிடும், எடுத்த தேதி முதலான விவரங்களும் போய்விடும்.

பக்கம் திறக்க ஒரு யுகம் ஆகிறது

இதுதான் அதிகம் வரும் புகார். கணக்குப் போட்டால் காரணம் தெரிந்துவிடும். இப்போதைய கைப்பேசி எடுக்கும் 12 மெகாபிக்சல் படம் ஏறக்குறைய 4000க்கு 3000 பிக்சல், எடை 4 எம்பி அளவில் இருக்கும். திருவிழாப் பக்கத்தில் அப்படியே 30 படம் போட்டால் 120 எம்பி. செம்பனை நடுவே ஒரு கோடு சிக்னலில் விநாடிக்கு 5 மெகாபிட் கிடைத்தாலே பெரிய விஷயம். அந்த வேகத்தில் 120 எம்பி இறங்க மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். பிரீபெய்டு டேட்டாவில் இருக்கிற அத்தை அதற்குள் பக்கத்தை மூடிவிட்டுச் சமையலுக்குப் போயிருப்பார்.

படத்தைச் சிறிதாகக் காட்டினால் போதாதா என்று எங்கள் செயலாளர் கேட்டார். போதாது. பக்கத்தில் கையளவு தெரிந்தாலும் இறங்குவது முழுக் கோப்புதான். பதிவேற்றும் முன்பே அகலத்தை 1600 பிக்சலுக்குக் குறைத்து, ஜேபெக் தரத்தை 75 முதல் 80க்குள் வைத்துச் சேமியுங்கள். பெரும்பாலான படங்கள் 200 முதல் 300 கிலோபைட்டுக்குள் வந்துவிடும். 30 படமும் சேர்ந்து பத்து எம்பிகூட வராது. ஒன்றிரண்டு படம் என்றால் உலாவியிலேயே ஓடும் ஸ்க்வூஷ் போதும். மொத்தமாகச் செய்ய எக்ஸ்என்கன்வெர்ட் போன்ற இலவச மென்பொருள் நல்லது. வெப்பி வடிவத்தில் சேமித்தால் எடை இன்னும் குறையும். 2020இல் ஐபோனின் சஃபாரியும் அதை ஏற்றுக்கொண்ட பிறகு தயங்கக் காரணமில்லை.

வேர்ட்பிரஸ் தளம் என்றால் 5.3 பதிப்பிலிருந்து, அதாவது 2019 முதல், 2560 பிக்சலுக்கு மேற்பட்ட படத்துக்குத் தானே ஒரு சிறிய பிரதி எடுத்துக்கொள்கிறது. அதை நம்பி 4 எம்பி படங்களை ஏற்றிக்கொண்டே போனால் வாடகைக்கு எடுத்த இடம் நிரம்பிவிடும். எனக்கு நிரம்பியது, அதுவும் திருவிழா இரவில்.

படங்களுக்குச் சோம்பல் ஏற்றம் போட்டுவிடுங்கள். 'லேசி லோடிங்' என்பதைத்தான் அப்படிச் சொல்கிறேன். பார்ப்பவர் கீழே நகர்த்த நகர்த்தத்தான் படம் இறங்கும். பக்கத்தின் உச்சியில் இருக்கும் முதல் படத்துக்கு மட்டும் அதைப் போடாதீர்கள், அது தாமதமாக வரும்.

படம் இறங்கும்போதெல்லாம் எழுத்து கீழே குதிக்கிறது என்று ஒரு துணைப் புகாரும் வரும். படத்தின் அகல உயர எண்களை நிரலில் எழுதாததுதான் காரணம். எழுதிவிட்டால் உலாவி முன்கூட்டியே இடம் ஒதுக்கிவிடும்.

படம் இருக்க வேண்டிய இடத்தில் உடைந்த சின்னம்

அந்தச் சின்னத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி, படத்தைப் புதிய தாவலில் திறவுங்கள். '404' என்று வந்தால் அந்த முகவரியில் கோப்பு இல்லை.

ஆனால் கோப்பு அங்கே இருக்கும், நீங்களே கண்ணால் பார்ப்பீர்கள். அப்படியானால் பெயரைக் கவனியுங்கள். தளத்தை வைத்திருக்கும் கணினிகளான வழங்கிகளில் (சர்வர்) பெரும்பாலானவை லினக்ஸில் ஓடுகின்றன, அதற்குப் பெரிய ஆங்கில எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. கேமரா பெயரின் கடைசி மூன்று எழுத்தைப் பெரிய எழுத்தில் வைத்திருக்கும், நீங்கள் பக்கத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருப்பீர்கள். வீட்டு விண்டோஸ் கணினியில் இரண்டும் ஒன்றாகவே ஓடும், அதனால் கண்ணில் படாது. தளத்தில் ஏற்றியதும் உடையும்.

பெயரில் இடைவெளி, அடைப்புக்குறி, தமிழ் எழுத்து இருந்தாலும் சில சமயம் வம்பு. தமிழில் பெயர் வைக்கக் கூடாது என்று சட்டம் இல்லை. ஆனால் அந்த முகவரியைப் புலனத்தில் பகிரும்போது விழுக்காட்டுக் குறியும் எண்ணுமாக மூன்று வரிக்கு நீளும், யாராவது பாதியை மட்டும் நகலெடுத்து அனுப்புவார்கள். கோப்புக்குச் சிறிய ஆங்கில எழுத்தும் எண்ணும் இடையில் சிறு கோடும் போதும். தமிழைப் படத்தின் விளக்கத்தில் தாராளமாக எழுதுங்கள்.

404 வராமல் படம் தனியாக நன்றாகத் திறந்து, பக்கத்தில் மட்டும் வரவில்லையா? தளம் பூட்டுச் சின்னத்தோடு பாதுகாப்பான முகவரிக்கு மாறியிருக்கும், படத்தின் முகவரி மட்டும் பழைய பாதுகாப்பற்ற வகையில் தொடங்கும். அந்தத் தொடக்கத்தில் விடுபட்ட 'எஸ்' எழுத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

ஐபோன்காரருக்குத் தெரிகிறது, மற்றவர்களுக்கு இல்லை

2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன் படங்களை ஹெய்க் என்ற வகையில் சேமிக்கிறது. சஃபாரி அதைக் காட்டிவிடும். குரோம் காட்டாது. எங்கள் இளைஞர் அணித் தம்பி ஒருவர் கோப்பின் பெயரில் கடைசி எழுத்துகளை ஜேபிஜி என்று மாற்றிவிட்டு "சரி பண்ணிட்டேண்ணே" என்றார். வேட்டியைக் கழற்றிச் சட்டை மாட்டினால் ஆள் மாறுவானா? மென்பொருளில் திறந்து ஜேபெக்காக ஏற்றுமதி செய்ய வேண்டும். அடுத்த திருவிழாவுக்கு முன் ஐபோனின் கேமரா அமைப்பில் 'ஃபார்மட்ஸ்' போய் 'மோஸ்ட் காம்பேட்டிபிள்' என்பதைத் தேர்ந்துவிட்டால் தலைவலி அங்கேயே நின்றுவிடும். காணொளிக்கும் அதுவே மருந்து, கீழே வருகிறேன்.

புதுப் படம் போட்டும் பழைய படமே வருகிறது

உலாவியின் தேக்கம் (கேஷ்), முன்பு இறக்கியதை எடுத்து வைத்துக்கொண்டு அதையே காட்டுகிறது. கணினியில் கண்ட்ரோலோடு எஃப்5. எல்லாருக்கும் போய் இதைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது, ஆகவே புதுப் படத்துக்குப் புதுப் பெயர் வையுங்கள். பெயர் மாறினால் உலாவி புதிதாக இறக்கியே ஆகும்.

நிறம் பேய் அறைந்த மாதிரி இருக்கிறது

அம்மன் சேலையின் சிவப்பு ஒளிரும் இளஞ்சிவப்பாகவோ மங்கிய பழுப்பாகவோ வந்தால், அந்தக் கோப்பு பேனர் கடையிலிருந்து வந்ததா என்று கேளுங்கள். அச்சுக்கு நான்கு மைக் கணக்கில் நிறம் அமைப்பார்கள், அதன் பெயர் சிஎம்ஒய்கே. திரைக்கு வேண்டியது எஸ்ஆர்ஜிபி. கடைக்காரரிடமே "திரைக்கு ஒரு காப்பி குடுங்க" என்று கேட்பது நாமே மாற்றுவதைவிட நல்லது, அவரிடம்தான் மூலம் இருக்கிறது. கேட்கும்போதே அழைப்பிதழைப் பிஎன்ஜி வகையில் வாங்குங்கள். எழுத்து நிறைந்த படத்தை ஜேபெக் ஆக்கினால் எழுத்தோரம் அழுக்குப் படிந்ததுபோல் ஆகும். மனிதர்கள் உள்ள புகைப்படத்துக்குப் பிஎன்ஜி வேண்டாம், எடை பல மடங்காகும்.

"ஐஎம்ஜி நாலாயிரத்து இருபத்தொன்று" என்று வாசிக்கிறது

கண் தெரியாத ஒரு பெரியவர் கணினியில் என்விடிஏ என்ற திரை வாசிப்பான் வழியாக எங்கள் தளத்தைக் கேட்கிறார். படத்துக்கு மாற்று உரை இல்லாத இடத்தில் அவர் காதில் விழுந்தது கோப்பின் எண்தான். இப்போது 'காவடி தூக்கி வரும் இளைஞர்கள், பின்னால் பழைய புகைக்கொட்டடி' என்று எழுதுகிறோம். புகைக்கொட்டடி என்று கேட்டதும் அவர் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினார்.

காணொளியில் சத்தம் வருகிறது, படம் கறுப்பு

கோப்பை வி.எல்.சி. இயக்கியில் திறந்து 'டூல்ஸ்' பட்டியலில் 'கோடெக் இன்ஃபர்மேஷன்' பாருங்கள். எச்.265 அல்லது ஹெவெக் என்ற சுருக்க முறையின் பெயர் இருந்தால் காரணம் அதுதான். இடத்தை மிச்சப்படுத்தும் நல்ல முறைதான், ஆனால் அதைப் பிரித்துக் காட்டும் திறன் எல்லாக் கருவியிலும் எல்லா உலாவியிலும் இல்லை. ஒலி வேறு முறையில் இருப்பதால் அது மட்டும் ஓடுகிறது.

ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கோப்பைப் போட்டு, வடிவம் எம்பி4, படம் எச்.264, ஒலி ஏஏசி என்று தேர்ந்தெடுங்கள். 720 வரித் தரத்தில் விநாடிக்கு 30 சட்டகம் (ஃபிரேம்) போதும். தீமிதியின் தீ தெளிவாகவே தெரியும். அதே திரையில் 'வெப் ஆப்டிமைஸ்டு' என்று ஒரு கட்டம் இருக்கும், அதைக் குறியிட மறக்காதீர்கள். ஏன் என்று அடுத்ததில்.

வட்டம் சுற்றுகிறது, முழுவதும் இறங்கிய பிறகே ஓடுகிறது

எம்பி4 கோப்புக்குள் எந்தச் சட்டகம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஓர் அட்டவணை உண்டு. கேமரா பதிவை முடித்த பிறகுதான் அந்த அட்டவணையை எழுதும், ஆகவே அது கோப்பின் வாலில் கிடக்கும். அட்டவணை கைக்கு வரும்வரை சில இயக்கிகளுக்கு எதுவும் தெரியாது. மேலே சொன்ன கட்டத்தைக் குறியிட்டால் அட்டவணை தலைக்கு வந்துவிடும், காணொளி உடனே தொடங்கும்.

அதன் பிறகும் ஐபோனில் ஓட மறுத்தால், வழங்கி கோப்பைத் துண்டு துண்டாகக் கொடுக்கிறதா என்று இடம் வாடகைக்குக் கொடுத்தவரிடம் கேளுங்கள். நகர்த்தியைப் பாதிக்கு இழுத்தால் கணினியிலும் தொடக்கத்துக்கே திரும்பினால் இதுதான் காரணம்.

எடையையும் பாருங்கள். விநாடிக்கு 2 மெகாபிட் என்றால் ஒரு நிமிடத்துக்கு 15 எம்பி. மூன்று மணி நேர ரத ஊர்வலம் 2.7 ஜிபி. அதைச் சொந்தத் தளத்தில் வைக்காதீர்கள். வலையொளியில் (யூடியூப்) பட்டியலிடாத காணொளியாக ஏற்றி, பக்கத்தில் பொருத்துங்கள். நான் சொந்த இடத்தில் வைப்பது இரண்டு நிமிடத்துக்கு உட்பட்ட துண்டுகளை மட்டும்தான்.

ஏற்றும்போதே 'கோப்பு பெரிது' என்று மறுத்தால், வழங்கியில் தளத்தை ஓட்டும் பிஎச்பி என்ற நிரல்மொழியின் வரம்பு அது. யாரும் மாற்றாவிட்டால் ஒரு கோப்புக்கு 2 எம்பி, மொத்த அனுப்புதலுக்கு 8 எம்பி. வழங்கியின் கட்டுப்பாட்டுப் பலகையில் இரண்டையும் உயர்த்த வேண்டும். ஒன்றை மட்டும் உயர்த்தினால் மற்றது தடுக்கும்.

பக்கம் திறந்ததும் தானாக ஓடவில்லை

ஓடாது. 2018 முதல் குரோம், ஒலியோடு தானாக ஓடுவதைப் பெரும்பாலும் தடுக்கிறது. ஒலியை அடக்கினால் ஓடும், ஐபோனில் பக்கத்துக்குள்ளேயே ஓடுவதற்கான 'பிளேஸ் இன்லைன்' என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும். என்னைக் கேட்டால், தானாக ஓடவே வேண்டாம். அலுவலகத்தில் ரகசியமாகப் பார்ப்பவர் மேசையில் திடீரென உறுமி முழங்கினால் நமக்குத்தான் பாவம்.

வலையொளியில் பாதிக் காணொளி ஊமையாகிவிட்டது

பின்னணியில் ஒலிபெருக்கியில் ஓடிய அம்மன் பாட்டுக்கு உரிமையாளர் உண்டு. வலையொளி அதைத் தானே கண்டுபிடிக்கும். உரிமையாளரின் விருப்பப்படி ஒலி அடங்கலாம், காணொளி முடங்கலாம், விளம்பர வருமானம் அவருக்குப் போகலாம். அந்தப் பகுதியை வெட்டிவிட்டு, நம் மேளக்காரர் வாசித்ததை வையுங்கள்.

காதொலிப்பானில் பேச்சு கேட்கிறது, கைப்பேசியில் ஊமை

என்னை இரண்டு வாரம் தூங்கவிடாத கோளாறு இது. 1960இல் அமைச்சர் துன் சம்பந்தன் முன்னின்று தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு மாதம் 10 வெள்ளி கட்டிய கதையை ஒரு பாட்டி மண்டபத்தில் சொல்ல, மிக்சரிலிருந்து நேராகப் பதிவு செய்திருந்தோம். கணினியில் அருமையாகக் கேட்டது. மலிவான கைப்பேசியில் மட்டும் பாட்டியின் குரல் காணாமல் போய், லேசான இரைச்சல் மட்டும் வந்தது. கோப்பைத் திரும்ப ஏற்றினேன், வேறு வடிவத்தில் ஏற்றினேன், ஒலியைக் கூட்டினேன். பலனில்லை.

தவறு கம்பியில் இருந்தது. மிக்சரின் எக்ஸ்எல்ஆர் எனும் மூன்று முனை வெளியீட்டில் ஒரே குரல் இரண்டு கம்பிகளில், ஒன்று நேராகவும் மற்றது தலைகீழாகவும் வரும். அதை ஸ்டீரியோ மைக் துளையில் நேராகச் செருகிவிட்டால் இடது காதுக்கு நேர் அலையும் வலது காதுக்குத் தலைகீழ் அலையும் பதிவாகிவிடும். இரண்டு காதிலும் தனித்தனியாகக் கேட்டால் குரல் உண்டு. ஒரே ஒலிபெருக்கி உள்ள கைப்பேசி இரண்டையும் கூட்டும்போது ஒன்றை ஒன்று தின்றுவிடும்.

மருந்து ரொம்பச் சுலபம். அடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளில் திறந்து ஸ்டீரியோவை இரண்டு தனித் தடங்களாகப் பிரியுங்கள். ஒரு தடத்தை அழித்துவிட்டு மற்றதை மோனோவாக ஏற்றுமதி செய்யுங்கள். பாட்டி உடனே பேச ஆரம்பித்துவிட்டார். ஒரு பக்கக் காதில் மட்டும் குரல் வரும் பதிவுக்கும் இதே வழிதான், குரல் உள்ள தடத்தை வைத்துக்கொள்ள வேண்டும்.

பேச்சுக்கு மோனோ 64 கிலோபிட் எம்பி3 தாராளம். ஒரு மணி நேரம் 29 எம்பிக்குள் அடங்கும். அதையே ஸ்டீரியோ வேவ் கோப்பாக ஏற்றினால் 600 எம்பியைத் தாண்டும்.

அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் தொடர்ந்து வந்தால் அது நம் நாட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் பெருமளவு போகும், குரலுக்குச் சேதமில்லை. நாதஸ்வரம் கரகரவென்று கிழிந்து கேட்டால் பதிவின் அளவு உச்சத்தைத் தொட்டு அலையின் தலை வெட்டுப்பட்டுவிட்டது என்று பொருள். அதை முழுமையாகச் சரிசெய்ய முடியாது. அடுத்த முறை உச்சம் கழித்தல் 12 டெசிபெலைத் தாண்டாமல் வைத்துப் பதிவு செய்யுங்கள்.

புலனக் குரல் செய்தி சிலருக்கு ஓடவில்லை

அது ஓகு என்ற கோப்பு உறைக்குள் ஓபஸ் என்ற முறையில் சுருக்கிய ஒலி. பழைய ஐபோன்கள் அதை ஏற்காது. எம்பி3 ஆக மாற்றி ஏற்றுங்கள்.

காணொளிக்கு அடியில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வருகிறது

வசன வரிக் கோப்பு யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கப்படவில்லை, அல்லது யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் தட்டப்பட்டிருக்கிறது. முத்து நெடுமாறனின் தமிழ்த் தட்டச்சு மென்பொருளான முரசு அஞ்சலை ஆரம்ப காலத்திலிருந்தே பழகிய கைகள் எங்கள் ஊரில் நிறைய. பழைய குறியேற்றத்தில் இருக்கும் அவர்களுடைய கோப்புகளை மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிய பிறகுதான் பயன்படுத்த வேண்டும்.

எழுத்து சரியாக இருந்தும் வரியே தோன்றவில்லை என்றால் நேரக் குறிப்பைப் பாருங்கள். வசன வரிக்கு எஸ்ஆர்டி, விடிடி என்று இரண்டு வகைக் கோப்பு உண்டு. எஸ்ஆர்டி கோப்பில் விநாடிக்கும் ஆயிரத்தில் பங்குக்கும் நடுவே காற்புள்ளி இருக்கும். உலாவி கேட்கும் விடிடி கோப்பில் அங்கே புள்ளி இருக்க வேண்டும், முதல் வரியில் 'வெப்விடிடி' என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு காற்புள்ளிக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறது எனக்கு.

வசன வரி எல்லாம் சரியான அன்று சிங்கப்பூரிலிருந்து ஒரு பிள்ளை எழுதியது: "அங்கிள், எழுத்து நல்லா வருது. ஆனா பாட்டி 'பெரட்டு'ன்னு சொல்றாங்களே, அது தப்பா தட்டிட்டீங்களா?" தப்பில்லை. விடியுமுன் வேலைக்காரர்கள் வரிசையில் நின்று பேர் கொடுப்பதைத்தான் தோட்டத்தில் பெரட்டு என்போம். இப்போது காணொளிக்குக் கீழே அந்தச் சொல்லுக்குத் தனியாக ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்.